அடிபிடித்தால் யாரைக் கேட்பார்கள்?

தமிழில் 'பார்த்துக்கொள்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. கண்ணால் பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அடுப்பைப் பார்த்துக்கோ, பிள்ளையைப் பார்த்துக்கோ, மாமாவுக்கு உடம்பு முடியவில்லை, கூட இருந்து பார்த்துக்கோ. இந்த ஏவல்கள் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே வருகின்றன. அதே சொல்லை ஓர் ஆண் "அந்த விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும்போது அதில் அதிகாரம் ஏறிக்கொள்கிறது. அவர் பார்த்துக்கொண்டால் நிலப் பத்திரம் முடியும், கல்லூரியில் இடம் கிடைக்கும், போலீஸ் ஸ்டேஷனில் காரியம் நடக்கும். அவள் பார்த்துக்கொண்டால் குழம்பு அடிபிடிக்காது. அடிபிடிக்காத குழம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்டூ என்றதும் நமக்கு ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற, தேங்காய்ப்பால் விட்ட, கேரளத்து 'இஷ்டு' நினைவுக்கு வரும். அந்தச் சொல் குறிக்கிற சமையல்முறை அதைவிட மிகப் பெரியது. கறியோ பயறோ கிழங்கோ, நீரில் அமிழ்த்தி, மூடி, குறைந்த தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவது. ஹங்கேரியின் குலாஷ், ஈரானின் கொரேஷ், எத்தியோப்பியாவின் வாட், மேற்கு ஆப்பிரிக்காவில் வேர்க்கடலை அரைத்துவிட்டுச் செய்யும் மாஃபே, பிரேசிலின் ஃபெய்ஜோவாடா, டெல்லியின் நிஹாரி, நம் ஆட்டுக்கால் பாயா எல்லாம் இந்தக் குடும்பம்தான். சமையல் குறிப்புகள் இவற்றைப் பற்றி ஒரு வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவில் சொல்லிவிடுகின்றன: மூடி வைத்துவிடுங்கள், இனி தானாக வெந்துகொள்ளும்.

எனக்கு அந்தத் 'தானாக' மீதுதான் சந்தேகம். பானை வேகிற மூன்று மணி நேரம் வேலை நேரமா, ஓய்வு நேரமா? எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் எங்கேயும் போய்விடக் கூடாது என்கிற நிலைக்கு என்ன பெயர்?

முதலில் பானைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு விலங்கின் உடம்பில் அதிகம் உழைத்த தசைகள்தான் கடினமானவை. கால், தோள், கழுத்து, வால். நடந்து, சுமந்து, தலையை ஆட்டிப் பழகிய அந்த இடங்களில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு நிறைய இருக்கும். உழைக்காத இடுப்புப் பகுதிக் கறியை ஐந்து நிமிடத்தில் வாட்டித் தின்றுவிடலாம். விலையும் அதற்குத்தான் அதிகம். உழைத்த கறிக்கு நேரம் வேண்டும். சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், மெல்லிய சூட்டில், கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு அந்த வழவழப்பையும் கனத்தையும் தருகிறது. அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் நார் இறுகிச் சாறு வெளியேறி, கறி சக்கையாகிவிடும். அதனால் உலகம் முழுவதும் ஸ்டூ என்பது மலிவான கறியை நேரத்தைக் கொடுத்து நல்ல கறியாக்கும் வழி. காசுக்குப் பதில் நேரம். அந்த நேரம் யாருடையது என்பதைத்தான் விலைப்பட்டியல் சொல்வதில்லை.

மூடி போடுவதற்கு முந்தைய வேலையும் இந்தத் 'தானாக'வில் கரைந்துபோகிறது. ஈரானியர்களின் கொர்மே சப்ஸி கொத்தமல்லி, பார்ஸ்லி, வெந்தயக்கீரை, ஒருவகைப் பூண்டுத்தாள் எல்லாம் சேர்ந்த கரும்பச்சைக் குழம்பு. காய்ந்த எலுமிச்சையும் சிவப்புக் காராமணி போன்ற பயறும் கறியும் அதில் போகும். கட்டுக் கட்டாகக் கீரையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, பொடியாக நறுக்கி, பச்சை வாசம் போய்க் கருகாத பதத்தில் வதக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தியோப்பியாவின் டோரோ வாட் இன்னும் கடுமை. சிவப்பு வெங்காயத்தை மிகப் பொடியாக அரிந்து, எண்ணெயே விடாமல், வெறும் பாத்திரத்தில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அது கூழாகி நிறம் மாறிய பிறகுதான் மசாலா சேர்த்த நெய்யும் பெர்பெரே மிளகாய்ப் பொடியும். கோழியை 12 துண்டுகளாக்குவது மரபு. அவித்த முட்டைகள் கடைசியில். விருந்தாளி பார்ப்பது கடைசி ஒரு மணி நேரம் மெதுவாகக் குமிழியிடும் பானையைத்தான்.

இதையே ஆண்கள் சமைத்தால் கதை மாறிவிடுகிறது. குலாஷ் என்ற பெயரே ஹங்கேரிய மாட்டு மேய்ப்பர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேய்ச்சல் நிலத்தில் தீ மூட்டிக் கொப்பரையைத் தொங்கவிட்டுச் சமைத்தார்கள், இன்று அது தேசிய அடையாளம். தென்னாப்பிரிக்காவின் போய்கிகோஸ் மூன்று கால் இரும்புப் பானையில் அடுக்கடுக்காகப் போட்டு, கிளறவே கூடாது என்ற விதியோடு வேகவைப்பது. ஆண்கள் தீயைச் சுற்றி நாற்காலி போட்டு, கையில் கோப்பையோடு மாலை முழுவதும் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பதுதான் நிகழ்ச்சி. கிளறாமலிருப்பதே கலை.

அமெரிக்காவின் டெக்சஸில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் மாலையில் மேசை போட்டு, விளக்கு வைத்து, மிளகாயும் மாட்டுக்கறியும் சேர்த்துச் சுண்டவைத்த சில்லி கான் கார்னே விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று பத்திரிகைகள் எழுதின. 1930-களில் சுகாதார விதிகளைக் காட்டி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். பிறகு 1967-இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் இரண்டு ஆண்கள் யாருடைய சில்லி சிறந்தது என்று போட்டி போட்டார்கள். முடிவு சமன். அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவானது, தொடக்கத்தில் பெண்கள் போட்டியிட அனுமதியில்லை, 1974-இல்தான் முதன்முறை ஒரு பெண் வென்றார். 1977-இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. நமக்கு இதில் சிரிக்க உரிமையில்லை. அடுப்படியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களை உட்காரவைத்துவிட்டு, நன்றாக இருந்தால் அதை 'நளபாகம்' என்கிற மொழி நம்முடையது.

ஆகவே காத்திருப்பு வேலையா என்ற கேள்விக்குச் சமூகம் ஏற்கெனவே இரண்டு பதில் வைத்திருக்கிறது. வாசலில் காவலாளி இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறார், திருடன் வரவில்லை, ஆனாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்காத நாளுக்கும் சம்பளம் உண்டு. எதுவும் நடக்காமலிருப்பதுதான் அவர்கள் உழைப்பின் விளைவு என்பது எல்லோருக்கும் புரிகிறது. பாயா அடிபிடிக்காத இரவுக்கு மட்டும் அந்தத் தர்க்கம் பொருந்துவதில்லை.

அரசின் கணக்கெடுப்பும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. இந்திய அரசு 2019-இலும் 2024-இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தைய நாளை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பது முறை. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு 2019-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் பெண்கள் 289, ஆண்கள் 88. இரு தரப்புக்கும் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது, இடைவெளி மட்டும் 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்தாண்டில் ஒரு நிமிடம்! இந்த எண்கள் மிக முக்கியமானவை, இவற்றைப் பெறுவதற்கே உலகெங்கும் பெண்ணியப் பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் 'என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்கு ஒரு பெண் "சீரியல் பார்த்தேன்" என்று சொன்னால் அது நேர்மையான பதில்தான். அந்த அரை மணியில் அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்ததை அவளே ஒரு செய்கையாக நினைத்திருக்க மாட்டாள்.

நிமிடத்தை அளவுகோலாக வைத்தால் இந்த முடிச்சு அவிழாது என்று தோன்றுகிறது. நான் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: அடிபிடித்தால் யாரைக் கேட்பார்கள்? கணவர் நல்லவர், கேட்டால் கிளறிவிடுவார். ஐந்து நிமிடம் கரண்டி அவர் கையில். கருகிய வாசம் வந்தால் "நீ எங்க போன?" என்ற கேள்வி அவரிடமா வருகிறது? கரண்டி கை மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. 'உதவி' என்ற சொல்லின் பொருளே அதுதான். யாரிடம் பதில் கேட்கப்படுமோ அவருடையது அந்த வேலை, அவர் அப்போது புத்தகமே படித்துக்கொண்டிருந்தாலும். அப்படிப் பார்த்தால், ஒரு பெண்ணின் வேலை குறைந்ததா என்பதை அவள் எத்தனை நிமிடம் நின்றாள் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி அவளைவிட்டு நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அது நகர்ந்த இடம் ஒன்று உண்டு. யூதர்களின் சபாத் பானை.

வெள்ளி மாலை சூரியன் சாய்வதிலிருந்து சனி இரவு வரை தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் கிழக்கு ஐரோப்பாவின் சோலண்ட், ஸ்பெயின் யூதர்களின் அதஃபினா. பயறு, தானியம், கறி, எலும்பு எல்லாம் போட்டு வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே சூட்டில் வைத்துவிட்டால், இரவெல்லாம் வெந்து மறுநாள் மதியம் திறக்கலாம். பல ஊர்களில் பானையை ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ஊரின் பானைகள் அனைத்தும் ஒன்றாக வெந்தன. அந்த இரவில் பானை பெண்ணின் வீட்டிலேயே இல்லை. அவள் அதைத் தொடவும் கூடாது. 'பார்த்துக்கோ' என்று யாரும் சொல்ல முடியாதபடி சட்டமே அவளைத் தடுத்தது.

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வருகிறது. யார் யார் வேலை செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் அதில் உண்டு: நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் கால்நடைகள், உன் வாசல்களுக்குள் இருக்கும் அந்நியன். மாடு இருக்கிறது. மனைவி இல்லை. ஹீப்ருவில் அந்த 'நீ' ஆண்பால். அந்த 'நீ'யில் மனைவியும் அடக்கம் என்று ஒரு விளக்கம். அவள் வேலை எண்ணப்படவே இல்லை, அதனால் நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை என்று இன்னொரு விளக்கம். யூதப் பெண்ணியவாதிகள் இதை நிறைய விவாதித்திருக்கிறார்கள். நடைமுறையில் சபாத் அன்று பெண்ணும் சமைப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு விலையாக வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் ஓடினாள் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், ஒரு குழம்பு பெண்ணின் ஓய்வையும் சேர்த்துக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே பானை கொலைக்களத்துக்கும் இட்டுச் சென்றது. ஸ்பெயினில் 1478-இல் அமைக்கப்பட்ட மதவிசாரணை மன்றம், கிறித்தவத்துக்கு மாறிய பிறகும் ரகசியமாக யூதர்களாக வாழ்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைத் தேடியது. ஜெப ஆலயமும் வேதப்பள்ளியும் அழிந்த பிறகு மதம் எஞ்சியது வீட்டில், அதாவது சமையலறையில். அதனால் விசாரணையும் அங்கே நுழைந்தது. வெள்ளிக்கிழமை குழம்பு வைத்துச் சனிக்கிழமை சாப்பிட்டாள், அன்று புதிதாக அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் குற்றச்சான்றாகப் பதிவாகின. சாட்சி சொன்னவர்களில் பலர் அந்த வீடுகளில் வேலைசெய்த பணிப்பெண்கள். எஜமானியின் பானைக்குள் என்ன இருந்தது என்று வேறு யாருக்குத் தெரியும்? பயத்திலா பகையிலா அவர்கள் சொன்னார்கள் என்று பதிவேடுகளை வைத்து எளிதில் முடிவுகட்ட முடியாது. பானைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்டபோது, கூண்டில் ஒரு பெண்ணும் சாட்சி மேடையில் அவளைவிட ஏழையான இன்னொரு பெண்ணும் நின்றார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 'பெக்கெஓஃபே' என்றொரு குழம்பு. அந்தப் பெயருக்கே ரொட்டிக்காரர் அடுப்பு என்றுதான் பொருள். மாடு, பன்றி, ஆடு மூன்றின் கறியையும் வெள்ளை வைனில் இரவு ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவால் ஒட்டி, அடுப்புக்கு அனுப்புவார்கள். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், பெண்கள் ஆற்றுக்குப் போகும் வழியில் பானையை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கதை சொல்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சிவப்புப் பயறும் சோறும் திங்கட்கிழமைச் சாப்பாடு, அதற்கும் சொல்லப்படும் காரணம் துவைப்புதான். இந்தக் கதைகளை எல்லோரும் அழகாகச் சொல்கிறார்கள். பானை விடுவித்த நேரம் எங்கே போனது என்று மட்டும் கவனியுங்கள். நேராகத் துணி மூட்டைக்கு.

இந்த இடத்தில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரைச் சொல்லாமல் நகர முடியாது. 1983-இல் வெளியான 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் அவர் ஒரு சாதாரண ஸ்டூவை எடுத்துக்கொள்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் கனெக்டிகட்டில் வாழும் ஒரு தம்பதி அதைச் சமைக்க என்னென்ன செய்ய வேண்டும்? விறகு வெட்டுவது, மாட்டை அறுப்பது, தானியம் விளைவித்து மாவாக்குவது, மரக்கரண்டி செதுக்குவதெல்லாம் ஆணின் வேலை. காய் வளர்த்துப் பறிப்பது, அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்வதெல்லாம் பெண்ணின் வேலை. ஒருவர் இல்லாமல் மற்றவர் சாப்பிட முடியாது. பிறகு இரும்பு அடுப்பு வந்தது, ஆலை மாவு வந்தது, கறிக்கடை வந்தது. ஒவ்வொன்றும் ஆண் செய்துவந்த வேலையைத்தான் துடைத்து எடுத்தது. விறகும் தானியமும் அவர் தோளிலிருந்து இறங்கின, அவர் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார். பெண்ணின் வேலையோ பெருகியது. ஒற்றைப் பானை இருந்த இடத்தில் ஒரே நேரத்தில் நான்கு பாத்திரம் வைக்கலாம் என்றானதும், நான்கு பாத்திரம் வைக்காத பெண் சோம்பேறியானாள். மிக்ஸி வந்த பிறகு நம் வீடுகளில் ஒரு சட்னி மூன்று சட்னியானதை யோசித்தால் கோவன் சொல்வது உடனே விளங்கும்.

ரொட்டிக்காரர் அடுப்பிலிருந்து கிளம்பிய ஒரு கோடு 20-ஆம் நூற்றாண்டுக்கும் வருகிறது. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர் இருந்தார். லித்துவேனியாவில் தான் சிறுமியாக இருந்தபோது சபாத் பானையை ரொட்டிக்கடைக்கு எடுத்துப்போன கதையை அவருடைய அம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டு, சுற்றிலும் மெல்லிய சூடு தரும் மின்பானை ஒன்றை வடிவமைத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவர் நிறுவனத்தை ரைவல் என்ற கம்பெனி வாங்கி, 1971-இல் அதை 'கிராக்-பாட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். காலையில் போட்டுவிட்டுப் போங்கள், மாலையில் வந்தால் சாப்பாடு தயார் என்று விளம்பரம் செய்தார்கள். நன்றாக விற்றது.

நான் அந்தக் கருவியை இளக்காரம் செய்யவில்லை, காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் லித்துவேனியாவிலிருந்து சிகாகோவுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எது விழுந்துவிட்டது என்று பார்க்க வேண்டும். சூடு வந்து சேர்ந்தது. நேரம் வந்து சேர்ந்தது. ரொட்டிக்கடை வரவில்லை. ஊருக்குப் பொதுவான ஒரு தீ, அதைப் பார்த்துக்கொள்வதைத் தொழிலாகச் செய்த ஒருவர், வரிசையாக அமர்ந்த அக்கம்பக்கத்துப் பானைகள், எல்லாம் போய், ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரு பிளக் வந்தது. அடிபிடித்தால் என்ற கேள்வி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. போதாததற்கு ஒரு கூடுதல் எதிர்பார்ப்பும் சேர்ந்தது: இப்போது வேலைக்குப் போனாலும் சூடான குழம்பு இருக்க வேண்டும், கருவிதான் இருக்கிறதே.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஸ்பானிய மொழியில் 'ஓயா கோமுன்' என்றால் பொதுப்பானை. சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகும், குறிப்பாக 1982-இன் பொருளாதார வீழ்ச்சியின்போதும், சாந்தியாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்கள் இருப்பதைக் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு அந்தத் தெரு முழுவதற்கும் சமைத்தார்கள். ஒரு வீட்டில் கிழங்கு, ஒரு வீட்டில் பயறு, சந்தையில் கேட்டு வாங்கிய எலும்பு. தனித்தனியாக எந்த வீட்டிலும் குழம்பாக முடியாத பொருட்கள். பெருவில் 1970-களின் இறுதியிலிருந்து 'கொமெடோர்' என்னும் மக்கள் உணவுக்கூடங்கள் பரவின. பெண்கள் முறைவைத்துச் சமைத்தார்கள். இன்று அவள் பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் வேலைக்குப் போகலாம், கூட்டத்துக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். 1990 ஆகஸ்டில் அரசு ஒரே இரவில் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது லிமாவின் ஏழைகளைப் பசியிலிருந்து காத்ததில் இந்தப் பானைகளுக்குப் பெரும் பங்குண்டு.

லிமாவின் விளிம்பில் மணற்காட்டில் எழுந்த வியா எல் சால்வதோர் குடியிருப்பில் மரியா எலெனா மோயானோ என்ற கறுப்பினப் பெண் அந்தப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார், பிறகு துணை மேயரானார். 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக் குழுவுக்கு இந்த உணவுக்கூடங்கள் பிடிக்கவில்லை. மக்களின் கோபத்தை இவை மழுங்கடிக்கின்றன, அரசுக்கு முட்டுக்கொடுக்கின்றன என்றது. 1991-இல் கூட்டமைப்பின் உணவுக் கிடங்கு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மோயானோ பின்வாங்கவில்லை, அரச வன்முறையையும் அவர்களுடைய வன்முறையையும் ஒருசேரக் கண்டித்தார். 1992 பிப்ரவரி 15 அன்று, பிள்ளைகளுக்கான பால் திட்டத்துக்கு நிதி திரட்ட நடந்த ஒரு கோழிக்கறி விருந்தில், தன் மகன்கள் உடனிருக்க, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலையும் வெடிவைத்துச் சிதைத்தார்கள். அவருக்கு வயது 33.

பானையைக் கிளறுவது அரசியலாகுமா என்று வகுப்பறையில் சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். பானை வீட்டுக்குள் இருந்தவரை அதற்கு யாரும் வெடிவைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்குப் பொதுப்பானை புதிதில்லை. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டமும் ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கான வீடுகளின் அடுப்பிலிருந்து ஒரு வேளையை எடுத்துக்கொள்கின்றன. காலை ஏழு மணிக்குக் கூலி வேலைக்குக் கிளம்பும் ஒரு தாயிடமிருந்து 'பிள்ளை சாப்பிட்டதா?' என்ற கேள்வியை அரசு வாங்கிக்கொள்கிறது. நான் மேலே தேடிய நகர்வு இதுதான். பசியாற்றும் திட்டம் என்று மட்டும் பேசுகிறோம், பெண்ணின் நேரத்தைப் பொதுச்செலவில் திருப்பிக் கொடுக்கும் திட்டம் என்று பேசுவதில்லை.

ஆனால் அந்தக் கேள்வி காற்றில் கரைந்துவிடவில்லை, இன்னொரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளி வளாகத்தின் பின்புறம் பெரிய அண்டாவில் சாம்பாரைக் கிளறுகிறவர் சமையலர், பக்கத்தில் காய் நறுக்குகிறவர் சமையல் உதவியாளர். பெரும்பாலும் பெண்கள், அவர்களில் ஆதரவற்ற பெண்களும் கணவரை இழந்தவர்களும் நிறைய. பல்லி விழுந்தாலோ பருப்பு வேகாமலிருந்தாலோ செய்தியில் வருவது அவர்கள் பெயர். சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடு வேண்டாம் என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்த சம்பவங்கள் இந்த மாநிலத்திலேயே நடந்திருக்கின்றன. அங்கே அடிபிடிக்காத குழம்புக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வந்த பானை சாதியை உதறிவிட்டு வரவில்லை.

ஸ்பெயினின் விசாரணை மன்றத்தில் எதிரெதிரே நின்ற அந்த இரண்டு பெண்கள் இங்கேயும் நிற்கிறார்கள், ஒருத்தி விடுபட்ட நேரத்தோடு, இன்னொருத்தி கரண்டியோடு. ஒருத்தியின் விடுதலையை இன்னொருத்தியின் மலிவான உழைப்பில் கட்டிவிட்டு, அதைப் பெண் முன்னேற்றம் என்று எழுதுவது நமக்குச் சுலபம். வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் சுலபம்.

சத்துணவுப் பணியாளர்கள் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கையை முன்வைத்துப் போராடிவருகிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் ஆட்சியர் அலுவலக வாசலில், கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கலாம். ஓய்வூதியத்தோடு அவர்கள் கேட்பது ஒன்றுதான், அதன் பெயர் காலமுறை ஊதியம்.